மூன்று நிமிடப் பிசகு

காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதிவிட்டால் சங்குமுனையில் ஒருவரும் அடுப்பைப் பற்றவைக்க மாட்டார்கள். டீக்கடைக்காரர் பால் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மருந்துக்கடைக் கதவு பாதி திறந்திருக்கும். படகுத்துறையில் ஆணி அடித்துக்கொண்டிருப்பவன் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு மடியில் பீடியைத் தேடுவான். தேடுவானே தவிரப் பற்றவைக்க மாட்டான். இன்றைக்குத் தீக்குச்சி எவ்வளவு நேரம் எரியும் என்று அவனுக்கு இன்னும் தெரியாது. ஊரே ஒலிபெருக்கியைப் பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். எண் வந்த பிறகுதான் அங்கே நாள் தொடங்கும்.

அந்த எண்ணை அளப்பவள் இசக்கியம்மாள். நாற்பத்திரண்டு வயது. உப்பளத்தில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவளை, குரல் கணீரென்று இருக்கிறது, கவனம் சிதறுவதில்லை என்று சொல்லி வேகச்சாவடிக்கு எடுத்துக்கொண்டார்கள். பதினோரு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சல் வந்த நாட்களிலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு படியேறியிருக்கிறாள். அவளுக்கு அதில் கர்வம் உண்டு, அதை அவள் மறைத்ததும் இல்லை.

சாவடி என்பது மூன்று மாடி உயரக் கல் கூண்டு. உச்சியிலிருந்து நாலு மீட்டர் கம்பியில் ஒரு பித்தளைக் குண்டு தொங்கும். அதுதான் ஊசல். போய்த் திரும்ப நான்கு விநாடி ஆகும். கீழே மேசையில் வெந்நீரும் தண்ணீரும் கலந்து முப்பது டிகிரியில் நிறுத்திய தொட்டி. அதற்குள் இரண்டு குடுவைகள். ஒன்றில் மையத்திலிருந்து முத்திரையோடு வரும் அயோடைடுக் கரைசல். மற்றதில் ராத்திரி முழுக்க முற்றத்தில் திறந்து வைத்துத் தெளிந்த கஞ்சித்தண்ணீர். இரண்டும் நிறமில்லாதவை. ஊசல் இடப்பக்கம் வந்து நிற்கும் கணத்தில் ஒன்றை மற்றதில் ஊற்றுவாள். தொலைபேசிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு எண்ணத் தொடங்குவாள்.

“லாபம்… ரெண்டு… மூணு…”

குண்டு ஒரு முறை போய்த் திரும்பினால் ஓர் ஆட்டம். ஓர் ஆட்டத்துக்கு ஒரு சொல். கரைசல் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறாது. ஒன்றுமே நடக்காதது போலத் தண்ணீராகவே இருக்கும், திடீரென்று ஒரே கணத்தில் மைக்கூட்டைக் கவிழ்த்த மாதிரி நீலக்கறுப்பாகிவிடும். அந்தக் கணத்தில் எண்ணுவதை நிறுத்த வேண்டும். மறுமுனையில், நூறு கல் தள்ளி உள்நாட்டில் இருக்கும் வேக அளவை மையத்தில், செவிக்கருவி அவள் குரலைக் கேட்டு எண்ணும். என்ன கணக்குப் போடுகிறார்கள் என்பது மையத்துக்கே வெளிச்சம். அளப்பவருக்குச் சொல்லமாட்டார்கள். சொன்னால் ஊருக்குச் சாதகமாக இழுத்துவிடுவார்களாம். சீக்கிரம் நீலமானால் எண் பெரிதாக வரும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். ஒரு நிமிடத்தில் விடை திரும்பி வரும், அவள் ஒலிபெருக்கியில் அதைச் சொல்வாள்.

இரண்டு என்றால் இரண்டு மடங்கு வேகம். ஒரு மணி நேரத்தில் வேகிற பண்டம் அரை மணியில் வெந்துவிடும். ஆறு மாதத்தில் துருப்பிடிக்கிற ஆணி மூன்று மாதத்தில் பொடியும். நல்லெண்ணெய் காறும், பேட்டரி சாகும், தீக்குச்சி கண் சிமிட்டுவதற்குள் விரலைச் சுடும்.

இதற்கெல்லாம் காரணம் ஊக்கித்தூசு. அறுபது வருடங்களுக்கு முன்னால் கடலை அடைத்துக்கிடந்த பிளாஸ்டிக்கைச் சிதைப்பதற்காகச் செய்து தூவிய மாவு அது. சொன்ன வேலையைச் செய்து முடித்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வினையூக்கி என்கிற பொருள் மற்றவற்றை விரட்டி வேலை வாங்குமே ஒழிய, தான் தேயாது. விருந்து முடிந்தும் எழுந்து போகாத மாப்பிள்ளை மாதிரி அது கரையோரக் காற்றிலேயே தங்கிவிட்டது. கைக்கு அகப்பட்ட எல்லா வினையையும் முடுக்குகிறது. மின்கடிகாரம் அங்கே ஒரு மாதம் தாங்காது. அதனால்தான் ஊசல். ஊசலை இழுப்பது பூமி, பூமிக்கு வேதியியல் தெரியாது. சங்குமுனையில் தூசுக்கு அசையாத இன்னொன்று உப்பு. வெயில் காய்ந்தால் அது விளையும், அவ்வளவுதான். இசக்கியின் கணவன் சுடலையும் ஊரில் பாதிப் பேரும் அந்த உப்பை நம்பித்தான் இருந்தார்கள்.

மனித உடம்பு தூசைச் சளியோடும் எச்சிலோடும் வெளியே தள்ளிவிடும். ஆனால் மூன்று மடங்கு வரைக்கும்தான். அதற்கு மேல் நுரையீரல் தோற்றுப்போகும். ஆகையால் சட்டம் இதுதான்: தொடர்ந்து மூன்று அளவைகளில் எண் மூன்றைத் தாண்டினால் ஊர்ப்பெயர்ப்பு. பத்து நாளில் ஊரைக் காலி செய்து உள்நாட்டு முகாம்களுக்குப் பிரித்து அனுப்பிவிடுவார்கள். இதுவரை ஒன்பது ஊர்கள் அப்படிப் போயிருந்தன.

நேற்று முன்தினம் எண் மூன்று புள்ளி மூன்று மூன்று. நேற்றும் அதே. இன்றைக்குக் கடல் பக்கம் காற்று வலுத்ததால் விதிப்படி அளவை இல்லை. மூன்றாவது அளவை நாளைக் காலை.

*

சாயங்காலம் இசக்கி தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது கஸ்பார் வந்தார். ஊரில் ஒரே பேக்கரி அவருடையது. முந்திரியும் முட்டை வெள்ளையும் அடித்து அவர் போடும் மக்ரூனுக்காக உள்நாட்டிலிருந்துகூட ஆள் வரும். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

“என்ன அண்ணாச்சி, கடையை அதுக்குள்ள அடைச்சாச்சா?”

“அடுப்பைப் பிரிக்கலாமான்னு பாக்கேன். பிலோமி பாத்திரத்தையெல்லாம் சாக்குல கட்டி வச்சுட்டா. அவளுக்கு இது ரெண்டாவது தடவைல்லா, கை தன்னால வேலை செய்யுது.” பொட்டலத்தை நீட்டினார். “இது கடைசி ஈடு. வச்சுக்க.”

கஸ்பாரும் அவர் மனைவி பிலோமியும் ஏழு வருடத்துக்கு முன்னால் புன்னைத்துறையிலிருந்து வந்தவர்கள். அந்த ஊரைப் பெயர்த்துவிட்டார்கள். அங்கே வேகச்சாவடியில் எண்ணிக்கொண்டிருந்தவள் பிலோமிதான். மூன்றாவது நாள் அவள் எண்ணி முடித்த பிறகு ஊர்க்காரர்கள் அவளை ஒன்றும் செய்யவில்லை, திட்டவும் இல்லை. “ஒரு ஆட்டம் கூட்டிச் சொல்லியிருந்தா வாய் வெந்தா போயிருக்கும்” என்று ஒரே ஒருத்தி மட்டும் அவள் காதுபடச் சொன்னாள். அன்றிலிருந்து பிலோமி எதையும் எண்ணுவதில்லை. முட்டையைக்கூடக் கஸ்பார்தான் எண்ணித் தருவார். கடையில் யாராவது எத்தனை என்று கேட்டால் கையைக் காட்டுவாள்.

சீக்கிரமே தானும் ஒரு பிலோமி என்ற நினைப்பு இரண்டு நாளாக இசக்கியை விடவில்லை. காலையில் தண்ணீர்க் குழாயடியில் நின்றவர்கள் அவள் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி மட்டும், “நீ நினைச்சா ஒண்ணு இழுத்துச் சொல்லலாம்” என்றாள். “இழுத்துச் சொல்லலாம். நுரையீரலை இழுத்துக்கிட முடியுமா?” என்று இசக்கி கேட்டாள். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாள்.

அவள் ஒரு மக்ரூனைக் கடித்தாள். மொறுமொறுப்பு அளவாக இருந்தது. அந்த நேரத்திலும் வாய் அதை ரசித்தது.

“எப்படி அண்ணாச்சி இவ்வளவு சரியா வருது? வேகம் இந்த ஏறு ஏறுது.”

“அறுபதை உன் எண்ணால வகுத்தா எத்தனை நிமிசம் வருதோ, அதுக்கு மேல மூணு நிமிசம் கூட வைப்பேன். அவ்வளவுதாம்.”

“எதுக்கு மூணு?”

கஸ்பார் மேசையில் சிந்திய துகளை விரலால் ஒதுக்கினார். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்ட முகம்.

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“ஒண்ணுமில்ல. உன் எண்ணு எப்பவும் கொஞ்சம் தூக்கலா இருக்கும். ஊருக்கே தெரியும். டீக்கடையிலயும் அடுப்புல ஒரு பிடி நேரம் கூட்டி வைக்காவ, மருந்துக்கடையிலயும் அப்படித்தான். உன்கிட்ட யாரு சொல்லுவா? மனசு கஷ்டப்படும்லா.”

இசக்கிக்கு முகம் சுண்டிப்போனது. பதினோரு வருடம். ஒரு நாள் தவறாமல். இவ்வளவு நாளும் ஊர் அவள் எண்ணைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குள் போய் ஒரு பிடி கூட்டிப் போட்டுச் சமைத்திருக்கிறது. கோபம் வந்தது. அதற்குப் பின்னால் வெட்கம் வந்தது. அவளைப் புண்படுத்தக்கூடாதென்று ஊரே சேர்ந்து பூசி மெழுகியிருக்கிறதே என்று நினைத்தபோது கோபம் பாதி கரைந்தது.

“இதெல்லாம் நீங்க எப்பவே சொல்லியிருக்கணும்.”

“எல்லாச் சாவடியும் அப்படித்தாம்னு நினைச்சேன். புன்னைத்துறையிலயும் மூணு நிமிசம்தான் கூட வைப்பேன்.”

அவர் போய்விட்டார். இசக்கி துடைத்த தொட்டியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். எங்கோ ஏதோ இடித்தது. என்னவென்று பிடிபடவில்லை. பிடிபட்டதும் துணியைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.

பேக்கரியில் கஸ்பார் அடுப்புச் செங்கலைத் தட்டிக்கொண்டிருந்தார். பிலோமி ஒரு மூலையில் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, நீங்க இங்க வந்தப்ப என் எண்ணு என்ன?”

“ஒண்ணு புள்ளி எட்டு ரெண்டு. மறப்பேனா? முதல் ஈட்டுக்கு முப்பத்தி மூணு நிமிசம். மாவு பச்சையா இருந்துச்சு. முப்பத்தாறு வச்சேன், சரியா வந்துச்சு.”

“ரெண்டரையா இருந்தப்ப?”

“இருபத்திநாலு வரும். இருபத்தேழு வைப்பேன்.”

“இப்ப?”

“பதினெட்டு. இருபத்தொண்ணு வைக்கேன்.”

“எப்பவும் அதே மூணு.”

“அதாம் சொன்னேனே.”

இசக்கி அடுப்புத் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். ஊசல் கம்பி நீண்டிருந்தாலோ தொட்டியில் சூடு ஏறியிருந்தாலோ பிசகு இப்படி இருக்காது. உப்பளத்தில் பதினைந்து வருடம் நின்றவளுக்கு அது தெரியும். படியே தப்பு என்றால் குவியல் பெரிதாகப் பெரிதாகக் குறையும் பெரிதாகும். பெரிய குவியலிலும் ஒரு கூடை, சின்னக் குவியலிலும் அதே ஒரு கூடை குறைகிறது என்றால் படி சரி. யாரோ ஒவ்வொரு தடவையும் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

“என் எண்ணிக்கையில ஒரு ஆட்டத்தை யாரோ திங்காவ அண்ணாச்சி,” என்றாள். “நான் இல்ல. நான் ஒண்ணையும் விடல.”

சாக்குத் தைத்துக்கொண்டிருந்த பிலோமியின் ஊசி நின்றது. இசக்கி எழுந்து போகும்வரை அந்த ஊசி அப்படியே நின்றது.

*

மூன்றாவது அளவைக்கு மையத்திலிருந்து ஒரு சாட்சி வந்து நிற்க வேண்டும். வந்தவர் பெயர் சென்னியப்பன். திருப்பூர்ப் பக்கம். முப்பத்தைந்து வயதிருக்கும், மூக்கில் தூசுக்கான வடிதுணி, கையில் மரப்பெட்டிக்குள் ஒரு செவிக்கருவி. சங்குமுனையில் பேட்டரி நிற்காது என்பதால் அது கைப்பிடியைச் சுற்றி முறுக்கேற்றினால் ஓடும். எண்ணுச்சொல் ஒவ்வொன்றைக் கேட்டதும் காகித நாடாவில் ஒரு புள்ளி குத்தும், கடைசியில் வேகத்தையும் அச்சிடும்.

“மன்னிச்சுக்கோங்க்கா,” என்றார் வந்ததும் வராததுமாக. “இந்த வேலைக்கு வரக்கூடாதுன்னுதான் இருந்தேனுங்க. வேற ஆள் கிடைக்கல.”

“நீங்க என்ன செய்வீங்க சார். ஒரு உதவி மட்டும். நான் எண்ணும்போது நீங்களும் விரலை மடக்கி எண்ணணும்.”

“சாட்சி பார்க்க மட்டுந்தான் செய்யணும்னு விதிங்க.”

“எண்ணக்கூடாதுன்னு விதியில இருக்கா?”

சென்னியப்பன் யோசித்தார். “இல்லீங்க,” என்றார்.

ஆறு மணிச் சங்கு ஊதியது. ஊர் அமைதியானது. இசக்கி குடுவையை எடுத்தாள். ஊசல் இடப்பக்கம் வந்தது. ஊற்றினாள்.

“லாபம்… ரெண்டு… மூணு… நாலு… அஞ்சு… ஆறு… ஏழு…”

நீலம் பாய்ந்தது. அவள் நிறுத்தினாள். செவிக்கருவி ஒரு முறை செருமிவிட்டு நாடாவைத் தள்ளியது. சென்னியப்பன் குனிந்து பார்த்தார். மூன்று புள்ளி மூன்று மூன்று. அவர் நிமிரவில்லை. சட்டைப்பையிலிருந்து ஊர்ப்பெயர்ப்பு உத்தரவை எடுத்தார்.

“சார். விரலைக் காட்டுங்க.”

இடக்கையில் ஐந்து விரலும் மடங்கியிருந்தன. உத்தரவைப் பிடித்திருந்த வலக்கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியிருந்தன.

“நாடாவுல எத்தனை புள்ளி?”

அவர் எண்ணினார். மறுபடி எண்ணினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். “ஆறுதானுங்க இருக்குது,” என்றார். அவர் குரல் மாறியிருந்தது.

“கடைசியா நான் ஏழுன்னு சொன்னது உங்க மெஷினுக்குக் கேக்கலியா?”

“கேட்டிருக்குதுங்க. ஆனா அது கடைசி எண்ணை நம்பாது. முந்தி சில ஊர்ல நடுவால நாலஞ்சு எண்ணைத் தாண்டி, அஞ்சுக்கப்புறம் பத்துன்னு சொல்லி ஏமாத்திட்டாங்க. அதுல இருந்து சொல்லுக்கு ஒரு புள்ளின்னு வெச்சுட்டோம். புள்ளியைத்தான் கணக்குல எடுக்கும்.” நாடாவை மடித்தார். “மூணு தடவை வரைக்கும் ஊத்த விதியில இடமிருக்குதுங்க. இன்னொருக்கா ஊத்துங்க.”

இரண்டாவது முறை அவர் ஊசலைப் பார்க்கவில்லை. கைப்பிடியைச் சுற்றி முறுக்கேற்றிவிட்டுப் பெட்டியின்மேல் காதை வைத்துக்கொண்டார். இசக்கி ஊற்றினாள். “லாபம்.” பெட்டி பேசாமல் இருந்தது. “ரெண்டு.” டக். “மூணு.” டக். சென்னியப்பன் கையைக் காட்டி நிறுத்தினார்.

“முதல்ல என்னமோ சொன்னீங்களே, அது என்னங்க?”

“எது?”

“ரெண்டுக்கு முன்னால.”

“லாபம்.”

“லாபம்னா?”

இசக்கி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். படித்த மனிதர் இப்படிக் கேட்கிறாரே என்று இருந்தது. “லாபம்னா ஒண்ணு சார். எண்ணுறப்போ முதல்ல ஒண்ணுன்னு யாராவது சொல்லுவாவளா? உப்பளக்கிறப்ப, நெல்லளக்கிறப்ப, மீன் கூடை இறக்கிறப்ப, லாபம்னு சொல்லித்தான் தொடங்குவோம். ஒண்ணுன்னு தொடங்கினா ஒண்ணோட நின்னு போயிரும்னு சொல்லுவாவ.”

“எங்க ஊர்ல பனியன் தைக்கறாங்க. டஜன் கணக்குங்க,” என்றார் சென்னியப்பன் மெதுவாக. பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். “எண்ணு இல்லாத சொல்லையெல்லாம் இரைச்சல்னு தள்ளச் சொல்லித்தான் கருவிக்குப் பழக்கியிருக்கோம். இருமல், தும்மல், ஐயோ, அம்மா. அதோட லாபத்தையும் தள்ளிடுச்சுங்க.”

தூசில்லாத காற்றில் அந்தக் கரைசல் நீலமாக இருபது ஆட்டம் ஆகும் என்பதை அவர் அப்போதுதான் அவளிடம் சொன்னார். சொல்லக்கூடாது என்று விதி. சொன்னார். இருபதை ஆறால் வகுத்தால் மூன்று புள்ளி மூன்று மூன்று. ஏழால் வகுத்தால் இரண்டு புள்ளி எட்டு ஆறு. ஒரு சொல்தான் வித்தியாசம். வேகம் குறைவாக இருந்த காலத்தில், பதினைந்தில் ஒன்று போனால் யாருக்கும் உறைக்கவில்லை. வினை வேகமெடுத்து எண்ணிக்கை சுருங்கியபோதுதான் அந்த ஒன்று ஊரை விழுங்கும் அளவுக்கு வளர்ந்தது. கஸ்பாரின் அடுப்புக்கு மட்டும் அது தொடக்கத்திலிருந்தே தெரிந்திருந்தது. இருபது ஆட்டம் அறுபது நிமிடம் என்றால் ஓர் ஆட்டம் மூன்று நிமிடம்.

மூன்றாவது முறைக்கு இசக்கி கரைசலை எடுத்தாள்.

“இந்தத் தடவை ஒண்ணுன்னு சொல்லுங்க்கா,” என்றார் சென்னியப்பன். “கருவி சொன்னாத்தான் மையத்துல ஏத்துக்குவாங்க.”

ஊற்றினாள். வாய் கூசியது. ஒரு நல்ல காரியத்தை அபசகுனத்தில் தொடங்குவது போல இருந்தது. இருந்தாலும் சொன்னாள். “ஒண்ணு.” டக். அந்தச் சத்தம் கேட்டதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏழு வரைக்கும் ஊசலைக் கண்ணீருக்கு ஊடேதான் பார்த்தாள். நாடாவில் ஏழு புள்ளிகள்.

வழக்கத்தைவிட எட்டு நிமிடம் தாமதமாக ஒலிபெருக்கி கரகரத்தது. ஊர் அந்த எட்டு நிமிடமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. “இன்னைக்கு வேகம்…” என்று தொடங்கி இசக்கி ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டாள். “ரெண்டு புள்ளி எட்டு ஆறு. சரியான கணக்கு. இன்னிமே யாரும் ஒரு பிடி நேரம் கூட்டி வைக்க வேண்டாம்.”

கீழே யாரும் கைதட்டவில்லை. பிறகு டீக்கடையில் அடுப்பு பற்றும் ஓசை கேட்டது. அதற்குப் பிறகு தெருத்தெருவாக அடுப்புகள் பற்றின. மருந்துக்கடைக்காரர் தெருவில் நின்று மேலே பார்த்து, “அவளுக்கு யாரு சொன்னது?” என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

*

சென்னியப்பன் போகும்போது, பெட்டியோடு இசக்கியின் பதினோரு வருடப் பதிவேட்டையும் கொண்டுபோனார். பன்னிரண்டாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டார். எண் சொல்லும் நேரம் இல்லை, நடுப்பகல்.

“எல்லா நாளுக்கும் ஒண்ணு கூட்டித் திருத்திப் பார்த்தோமுங்க. வேகம் ஏறத்தான் செய்யுது. ஆனா நாம பயந்த மாதிரி செங்குத்தா இல்லீங்க. மேல போகப் போக ஏத்தம் தணியுது. மூணைத் தொட இன்னும் பல வருசம் ஆகலாம். தொடாமலே அடங்கினாலும் அடங்கும்.”

“நல்லது சார்.”

“இன்னொண்ணுங்க. ஏற்கெனவே பெயர்த்த ஒம்பது ஊரோட கடைசிக் குரல் பதிவு மையத்துல இருக்குது. எல்லாத்தையும் போட்டுக் கேட்டோமுங்க. ஆறு ஊர்ல ஒண்ணுன்னுதான் தொடங்கறாங்க. அதெல்லாம் சரியான கணக்கு.” அவர் நிறுத்தினார். “மூணு ஊர்ல லாபம்.”

இசக்கி தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவரே சொன்னார்.

“அதுல புன்னைத்துறை ஒண்ணுங்க. நேத்து ஆள் போய் அளந்துட்டு வந்தாங்க. ரெண்டு புள்ளி எட்டு ஆறு. திரும்பிப் போறவங்க போகலாம்னு உத்தரவு ஆயிடுச்சு. கருவிக்கும் லாபம்னா ஒண்ணுன்னு பழக்கியாச்சுங்க. அங்க எண்ணின அம்மாவுக்கு மையத்துல இருந்து கடிதம் வரும். ஆனா கடிதத்துக்கு முன்னால ஒரு மனுசர் சொன்னா நல்லதுன்னு தோணுச்சு.”

இசக்கி வெயிலில் செருப்பில்லாமல் நடந்து பேக்கரிக்குப் போனாள். செருப்பு போடாதது பாதி வழியில்தான் தெரிந்தது. கஸ்பார் முந்திரி இடித்துக்கொண்டிருந்தார். பிலோமி பெரிய பித்தளைச் சட்டியின் முன்னால் உட்கார்ந்து, அவர் எண்ணி வைத்த முட்டைகளை உடைத்து வெள்ளையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஏழு வருடத்துக்கு முன்னாலேயே அவள் கேட்டிருக்க வேண்டிய செய்தி அது. அதை எப்படித் தொடங்குவது என்று இசக்கிக்குத் தெரியவில்லை. நேராகக் கேட்டுவிட்டாள்.

“பிலோமியக்கா, நீங்க கடைசி நாள் எத்தனை எண்ணினீங்க?”

கஸ்பார் உலக்கையை நிறுத்தினார். அந்த வீட்டில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. பிலோமி கையிலிருந்த முட்டையைப் பார்த்தாள். அதைத் தட்டில் வைத்துவிட்டு, “ஏழு,” என்றாள்.

“ஏழுதான். மெஷினு ஆறுன்னு எழுதிட்டு. உங்க லாபத்தை அதுக்குத் தெரியல. இருமல்னு நினைச்சுத் தள்ளிட்டு. உங்க எண்ணிக்கையில தப்பே இல்ல அக்கா. ஊர் போயிருக்கவே வேண்டாம். போன ஊரு இப்ப திரும்புது. நீங்க போகலாம்.”

“நான் ஒரு ஆட்டம் கூட்டிச் சொல்லியிருந்தா…” என்று பிலோமி தொடங்கினாள்.

“கூட்ட வேண்டியதே இல்ல. நீங்க சொன்னதே போதும்.”

கஸ்பார் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றார். அவர் தோள் குலுங்கியது. இசக்கிக்குத் தான் அங்கே நிற்கலாமா, போகலாமா என்று தெரியவில்லை. பிலோமி அழவில்லை. வெள்ளை ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கஸ்பார் எண்ணி வைத்திருந்த முட்டைத் தட்டைத் தள்ளி வைத்தாள். எழுந்து உள்ளே போய், எண்ணாத முட்டைக் கூடையை இழுத்துக்கொண்டு வந்து தன் பக்கத்தில் வைத்தாள்.

கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துச் சட்டியின் விளிம்பில் தட்டினாள்.

“லாபம்,” என்றாள்.

வாசலில் நின்ற கஸ்பார் திரும்பிப் பார்த்தார். அவள் அடுத்த முட்டைக்குக் கையை நீட்டியிருந்தாள்.

“ரெண்டு.”